மங்களத்துக்கு வந்த வருத்தம்

ரெலிபோன் அடுப்படி மேசையில், சுவரிலிருந்து வந்த வயரின் நுனியில் கிடந்தது. பற்றரி பழசு, வயரைக் கழற்றினால் செத்துவிடும். புதிதொன்று வாங்கித் தருகிறேன் என்று மகன் போன தைப்பொங்கலுக்கே சொன்னான். குலவீரசிங்கம்தான் இது போதும் என்று சொல்லித் தடுத்தார். போதும் என்று சொன்னதால் இப்போது இந்த மேசையை விட்டு இரண்டடி நகர முடியாமல் நிற்கிறார். அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் எடுப்பார்களாம். எடுத்து, நீர் வேலையை ஏன் விட்டீர் என்று கேட்பார்களாம். அவர் சொல்கிற பதிலை வைத்துத்தான் வேலையில்லாக் காலத்துக் காசு தருவதா இல்லையா என்று முடிவாகும். இரண்டு தரம் எடுத்துப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு கையிலிருக்கும் விபரத்தை வைத்து முடித்துவிடுவார்கள். கையிலிருக்கும் விபரம் என்னவென்று அவருக்குத் தெரியும். தானாக விட்டார், மனைவிக்குச் சுகமில்லை. கொம்பனி அப்படித்தான் அறிவித்திருக்கிறது. கொம்பனி என்றால் அங்கே மேலாளராக இருக்கிற ரூபன். ரூபன் நல்ல பெடியன், பொய் எழுதுகிறவன் இல்லை, இவர் வாயால் சொன்னதைத்தான் எழுதினான். மங்களம் வைத்த தேத்தண்ணி ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதன்மேல் ஒரு பீங்கான் தட்டை எடுத்து மூடினார், தட்டின் பூ கிண்ணத்தின் கைப்பிடிக்கு நேராக வரும்படி திருப்பி வைத்தார். "ஏன் குடியாமல் வைச்சிருக்கிறியள்?" என்றாள் மங்களம், கழுவுதொட்டியில் கீரையை அலசியபடி. "பேந்து குடிக்கிறன்." காலையில் எழும்பியதிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே விடவில்லை. விட்டால் வெளியே வரும். வெளியே வருகிற நேரத்தில் அது அடிக்கும். குடியாவிட்டாலும் வரத்தான் வருகிறது, எங்கிருந்துதான் ஊறுகிறதோ, கிணறு வற்றின காலத்திலும் ஊறுகிற ஊற்றுப்போல. இப்போதே அடிவயிற்றில் ஒரு சிறு பாரம், யாரோ உள்ளங்கையை மெதுவாக வைத்து அழுத்துவதுபோல. இன்னும் பொறுக்கலாம். பொறுக்கலாம் என்றுதான் அன்றைக்கும் நினைத்தார்.

"பைப்பைப் பூட்டும்" என்றார். "கீரையிலை மண் கிடக்கு." "பேந்து கழுவும்." அவள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பூட்டினாள். ஆனால் பூட்டிய பைப்பும் சொட்டியது. யன்னலுக்கு வெளியே, கூரை ஓரத்தில் தொங்கிய பனிக்கட்டியும் வெயில் பட்டுச் சொட்டியது. பங்குனி மாதத்தில் இந்த நாடு முழுவதும் ஒழுகும். அவர் காதைத் திருப்ப முடியாது, கண்ணைத் திருப்பினார், குளிர்சாதனப் பெட்டியின் மேலே. அங்கே ஹோர்லிக்ஸ் போத்தல்கள் வரிசையாக நின்றன. மங்களத்தைச் சுகம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்தவை. ரூபன் ஒன்று, அவனுடைய தகப்பன் கனகசபை ஒன்று, பக்ரரி லைனில் அவரோடு வேலை செய்த பெண்கள் சேர்ந்து ஒன்று, அதோடு அப்பிள், முந்திரிகைப்பழம். வேலைத்தலத்தில் மனிசிக்குச் சுகமில்லை என்று சொல்கிறவன், சனம் பார்க்க வரும் என்பதை யோசித்திருக்க வேண்டாமா? அவர் யோசிக்கவில்லை. அந்த நேரம் வாயில் வந்தது அதுதான். ஒரு வேலையிலிருந்து மரியாதையாக விலக எங்கள் சனத்துக்குத் தெரிந்த வழி அதுதான்; கலியாணத்துக்குப் போகாமல் விடவும் அதுதான், கோயில் கூட்டத்துக்குப் போகாமல் விடவும் அதுதான். மனிசிக்குக் கொஞ்சம் சுகமில்லை. மற்றவனில் குறை சொல்லாமல், தன்னிலும் குறை சொல்லாமல், வீட்டிலிருக்கிற ஒருத்தியின் தலையில் மெதுவாக வைத்துவிடலாம். சனம் வருகிறது என்று அறிந்த அன்று அவர் மங்களத்திடம் விசயத்தைச் சொன்னபோது அவள் கையில் அகப்பை இருந்தது. "என்ன வருத்தம்?" என்று கேட்டாள். "உமக்கு ஒண்டுமில்லை. சும்மா அப்பிடிச் சொன்னனான்." "அதில்லை. எனக்கு என்ன வருத்தமெண்டு சொன்னனீங்கள்? தலையிடியோ, வயித்துக்குத்தோ? எதைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறது?" அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் ஒரு கம்பளிச் சால்வையைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கட்டிலில் சரிந்தாள். கனகசபை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன தங்கச்சி, சிங்கத்தை வேலையையும் விடப்பண்ணிப் போட்டாய்" என்றார். மங்களம் சால்வைக்குள்ளிருந்து இவரைப் பார்த்த பார்வை. அவர்கள் போனபிறகு உப்பும் செத்தல்மிளகாயும் எடுத்துத் தன் தலையைத் தானே சுற்றி அடுப்பில் போட்டாள். "நாவூறு பட்டு நாளைக்கு உண்மையாவே விழுந்தன் எண்டால், அப்ப ஆர் சமைக்கிறது?" அதுவரைக்கும் சிரிப்புத்தான். பிறகுதான் கேட்டாள், "உண்மையா ஏன் விட்டனீங்கள்?" "பேந்து சொல்லுறன்" என்றார். அவருடைய பேந்துகள் எல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போத்தல்களோடு போத்தல்களாக நின்றன.

சுகம் விசாரிக்க வந்த அன்று ரூபன் வாசலில் சப்பாத்தைப் போடும்போது தோளில் கைவைத்துச் சொன்னான்: "சிங்கம் அங்கிள், அன்ரிக்குச் சுகமானவுடனை ஒரு சொல்லு சொல்லுங்கோ. லைனிலை உங்கடை இடத்துக்கு நான் வேறை ஆளைப் போடேல்லை." அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பை நினைத்தால் உள்ளங்கால் குளிர்கிறது. காசு கிடைக்காவிட்டால் அந்த இடம்தான். வாய்திறந்து வேறு வேலை கேட்டுப் போகத் தெரியாத அறுபத்தொரு வயதுக்காரனுக்கு வேறு எந்த இடம் காத்திருக்கும்? முதலில் அவர் ஸ்டோரில் இருந்தார். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டில் அடுக்கி அனுப்புகிற பக்ரரி அது. ஸ்டோரில் பெட்டிகளைச் சரிபார்த்து அடுக்குவது அவருடைய வேலை, தன்பாட்டில் வேலை, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாளைக் கழிக்கலாம், நினைத்த நேரம் நடைபாதையின் கோடிக்குப் போய் வரலாம். அந்தக் கோடியில்தான் அந்தக் கதவு. அப்போது அது ஒரு சலுகை என்றே அவருக்குத் தெரியவில்லை. ஸ்டோரை வேறு கட்டடத்துக்கு மாற்றி மெசினைப் போட்டார்கள். உங்களுடைய வேலை போகாது, இடம்தான் மாறும், சம்பளமும் அதே என்றார்கள். எல்லாரும் நல்லதிர்ஷ்டம் என்றார்கள். லைனில் தட்டுகள் ஓடிவரும். ஒருவர் பாண், ஒருவர் பட்டர், இவர் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சுற்றிய பொட்டலம். பட்டர் வைக்கிற பெண் கோணலாக வைத்தால் இவர் அதையும் நிமிர்த்தி வைப்பார். "அண்ணை, பிளேனிலை ஆரும் அடிமட்டம் வைச்சுப் பாக்கிறேல்லை" என்று அவள் பகிடி பண்ணுவாள். லைனை விட்டு நகருவதென்றால் கையை உயர்த்த வேண்டும். மாற்றாள் ஒருத்தி வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம். எல்லா லைனுக்கும் ஒரே மாற்றாள். பள்ளிக்கூடத்தில் சின்னவிரலை மட்டும் காட்டினால் போதும், வாத்தியார் தலையை ஆட்டிவிடுவார். இங்கே முழுக்கையையும் உயர்த்தி, நரைத்த தலையோடு, பெண்பிள்ளைகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். எல்லாருக்கும் தெரியும் ஏன் கை உயர்ந்திருக்கிறது என்று. ஒரு தரம் உயர்த்தலாம். அடுத்த தரம்? அதற்கு அடுத்த தரம்? "சிங்கம் அண்ணைக்குக் குகைக்குப் போக வேணுமாம்" என்று ஆரோ சொல்ல, லைன் முழுக்கச் சிரித்தது. கெட்ட மனம் இல்லாத சிரிப்பு. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கையை உயர்த்தவில்லை.

அன்றைக்கு. இல்லை, அதை நினைக்க வேண்டாம். ஆனால் நினைத்துத்தான் ஆகவேண்டும், சொல்லவேண்டும் என்றால் ஒருதரமாவது உள்ளுக்குள் முழுவதையும் சொல்லிப் பார்க்கவேண்டும். அன்றைக்கு ஒரு பிளேனுக்குரிய தட்டுகள் பிந்திவிட்டன, லைனை வேகமாக ஓடவிட்டார்கள். மாற்றாள் அடுத்த லைனில் நின்றாள். பொறுக்கலாம் என்று நினைத்தார். தட்டு, பொட்டலம், தட்டு, பொட்டலம். பிறகு பொட்டலங்கள் கோணலாகப் போகத் தொடங்கின. பிறகு தொடையில் ஒரு சூடு. முதலில் அது ஏதோ அடுத்தவருடைய சூடு என்றுதான் தோன்றியது, சுடுநீர்க் குழாய் ஏதும் ஒழுகுகிறதோ என்று. நிற்பாட்டப் பார்த்தார். கையைக் காலை நிற்பாட்டலாம், நாக்கை நிற்பாட்டலாம், அதைப் பூட்டிவைக்க அவருக்கு ஒரு திறப்பும் தரப்படவில்லை. கையுறை கழுவுகிற வாளி காலடியில் இருந்தது. அவர் குனிந்தார், வாளியைத் தூக்கினார், தடுமாறுகிறவன்போல முழுவதையும் தன் இடுப்பிலேயே கவிழ்த்துக்கொண்டார். அவ்வளவு கெட்டித்தனம் தன்னிடம் இருந்ததை நினைக்க இப்போதும் அவருக்கு வியப்பு. "அண்ணை குளிக்கிறார்" என்று சிரித்தார்கள். ரூபன் ஓடிவந்து காகிதத் துவாயால் அவருடைய காலைத் துடைத்தான். கனகசபையின் மகன், முழங்காலூன்றி, அவருடைய காலை. அடுத்த நாள் காலையில் ரூபனுக்கு எடுத்து, தம்பி, இனி வரமாட்டன், அன்ரிக்குச் சுகமில்லை என்றார். அவனிடம் வேறு எதைச் சொல்லுவது? ரூபனிடம் சொல்வது கனகசபையிடம் சொல்வது, கனகசபையிடம் சொல்வது வெள்ளிக்கிழமைக் கோயிலில் ஒலிபெருக்கியில் சொல்வது. அந்த மனிசன்தான் இவருக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர். வேலையில் குறை என்று சொன்னால் அது அவர்மேல் போகும், உடம்பில் குறை என்று சொன்னால் தன்மேல் வரும். ஆகவே மங்களம் படுத்தாள்.

கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சனத்துக்கு உதவிசெய்கிற ஒரு பிள்ளை எல்லாவற்றையும் விளக்கினாள். தானாக விட்டவருக்குச் சும்மா கொடுக்கமாட்டார்கள், ஐயா. ஆனால் வேலை உங்கடை உடம்புக்கு ஒவ்வாததாக இருந்தால், விடுகிறதைத் தவிர வேறு வழியில்லை என்று காட்டினால், கொடுக்கலாம். மனைவியைப் பார்க்க விட்டதென்றாலும் கேட்பார்கள், ஆனால் டாக்டரின் சான்று வேணும், அதோடு மனைவியைப் பார்க்கிறவர் எப்படி நாளைக்கே வேறு வேலைக்குப் போக ஆயத்தம் என்றும் கேட்பார்கள். ஆயத்தம் இல்லாதவருக்கு இந்தக் காசு இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியென்றால் மங்களம் நோயாளி என்றால் இவர் வேலைக்கு ஆயத்தமில்லை. மங்களம் சுகதேகி என்றால் இவர் விட்டதற்குக் காரணமில்லை. அந்தப் பொய் இரண்டு பக்கத்தாலும் பூட்டின அறை. உண்மைக்கு மட்டும்தான் ஒரு யன்னல் இருந்தது. அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு, "உண்மையான காரணம் வேறை ஏதும் இருக்கோ, ஐயா?" என்று கேட்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், காதில் சின்னத் தோடு. "யோசிச்சுச் சொல்லுறன், பிள்ளை" என்று எழும்பி வந்துவிட்டார். முதலே மேலாளரிடம் சொன்னீர்களா, வேறு இடம் கேட்டீர்களா, டாக்டரிடம் காட்டினீர்களா, இவையெல்லாம் கேட்பார்களாம். சொல்லவில்லை, கேட்கவில்லை, காட்டவில்லை. டாக்டரும் எங்கள் ஆள், பெண், மங்களத்தின் சினேகிதியின் மருமகள். முழங்கால் நோவுக்கு மட்டும் அவரிடம் போவார். ஆனாலும் உண்மையைச் சொன்னால் ஒரு மனிசருக்கு விளங்கும், ஒரு கடுதாசிக்குத்தான் விளங்காது. அதை நம்பித்தான் இன்று விடியப்புறம் மங்களத்திடம் சொன்னார்: "இண்டைக்கு எல்லாத்தையும் உண்மையாச் சொல்லிப்போடப் போறன்." அவளுடைய முகம் மலர்ந்ததே. "அதைச் செய்யுங்கோ முதல்லை" என்றாள். என்ன உண்மை என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த உண்மை, தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்ற ஒன்றுதானே.

எப்படித் தொடங்குவது? மொழிபெயர்க்க ஒருவர் இருப்பார். ஆணாக இருக்கவேண்டும், வயதானவராக, தானும் இந்தப் பாரத்தோடு நிற்கிற ஒருவராக. எனக்கு அடிக்கடி போகவேண்டி வரும். எங்கே போக? எனக்கு அடக்க ஏலாது. எதை? ரெலிபோனில் சின்னவிரலைக் காட்ட முடியாது. அடிவயிற்றில் இருந்த உள்ளங்கை இப்போது முழங்கையாக அழுத்தியது. மணிக்கூடு பத்தே முக்கால் காட்டியது. ஒரு காலை மற்றக் காலோடு சேர்த்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்தார். அரசாங்கம் தன்னை அறியாமலே இன்னொரு லைனைக் கொண்டுவந்து அவருடைய அடுப்படியில் பூட்டிவிட்டது, தட்டுகள் மட்டும்தான் ஓடவில்லை, கையை உயர்த்தினால் வந்து நிற்க ஒரு மாற்றாள்கூட இல்லை. மங்களத்தை நிறுத்தலாமே. மங்களத்துக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் மொழிபெயர்க்கிறவர் இருப்பார், இவர் வருகிறார் என்று அவள் சொன்னால் போதும். வேண்டாம், இன்னும் பொறுக்கலாம். மங்களம் பைப்பைத் திறந்தாள். "மண் கிடக்கு எண்டு சொன்னனான்" என்றாள். தண்ணீர் கீரையில் விழுந்தது, தொட்டியில் விழுந்தது, அவருடைய முதுகெலும்பு வழியாக விழுந்தது. "அடிச்சால் எடும். வாறார் எண்டு மட்டும் சொல்லும். வேறை ஒண்டும் கதைக்கவேண்டாம்" என்று சொன்னாரா, சொல்ல நினைத்தாரா தெரியாது, அவர் ஏற்கெனவே நடைபாதையில் இருந்தார்.

பாத்ரூமில் லைற்றைப் போட்டால் காற்றாடியும் சேர்ந்து இரையும். அவர் சுவரில் கையை ஊன்றி நின்றார். அவ்வளவு முட்டியது, இப்போது வரமாட்டேன் என்றது. அதுவும் அப்படித்தான், அழையாதபோது வரும், அழைத்தால் அடம்பிடிக்கும். பிறகு நூல்போல வந்தது, நின்றது, வந்தது. அப்போதுதான் ரெலிபோன் அடித்தது. இரண்டாம் மணியோசைக்குள் மங்களம் எடுத்துவிட்டாள். எப்போதும்போல ஒலியைப் பெரிதாகப் போட்டாள், காதில் வைத்துப் பேச அவளுக்குப் பிடிக்காது. காற்றாடியின் இரைச்சலுக்குள்ளால் ஒரு இளம் பெண்குரல் வந்தது. "வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்க்கிறனான். அலுவலரும் லைனிலை இருக்கிறா. திரு குலவீரசிங்கத்தோடை கதைக்கலாமோ?" "அவர் பாத்ரூமிலை, பிள்ளை. இப்ப வந்திடுவார். நீர் எந்த ஊர்?" "நான் இஞ்சை பிறந்தனான், அம்மா. அப்பா ஆக்கள் புங்குடுதீவு." "அப்பிடியோ." இடையில் ஆங்கிலம் ஓடியது. பெண்ணா, பெண்தானா, இருபத்தைந்து வயதுதானா. அவர் இறுக்கினார், முடித்துவிடப் பார்த்தார். முடியவில்லை, தொடங்குவதும் அவர் கையில் இல்லை, முடிப்பதும் இல்லை. "அம்மா, நீங்கள் அவரின்ரை மனைவியோ? உங்களுக்கு இப்ப எப்பிடிச் சுகம் எண்டு அலுவலர் கேக்கிறா." அவர் உள்ளேயிருந்து "மங்களம்" என்று கூப்பிட்டார், காற்றாடி அதை வாங்கிக்கொண்டது. "எனக்கொரு வருத்தமும் இல்லைப் பிள்ளை" என்றாள் மங்களம். அவள் குரலில் அப்படியொரு நிம்மதி. "பிரஷர்கூட இல்லை. அவர்தான் என்ரை தலையிலை போட்டவர். ஆனால் இண்டைக்கு உண்மையைச் சொல்லிப்போடுறன் எண்டு, விடியத் துவக்கம் தேத்தண்ணிகூடக் குடியாமல் நிண்டவர், பாவம்." அந்தப் பிள்ளை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசிச் சொல்லையும் சொன்னாள் என்று அவருக்குப் பட்டது, ஏனென்றால் அலுவலர் மெல்லிதாக ஏதோ ஒலி எழுப்பினாள். அவர் அப்படியே நின்றார். அது இன்னும் வந்துகொண்டிருந்தது.

கையைக் கழுவாமல் வந்தார். கையைக் கழுவாமல் வந்தது முழு நேரமும் அவருக்கு உறுத்தியது. அலுவலர் கேட்டாள், பிள்ளை தமிழில் சொன்னாள்: மனைவிக்குச் சுகமில்லை என்றபடியால் விட்டதாகக் கொம்பனி சொல்கிறது. அது சரியா? "சரியில்லை, பிள்ளை." அப்படியென்றால் ஏன் விட்டீர்கள்? மங்களம் கழுவுதொட்டியடியில் நின்றாள். பைப்பைப் பூட்டியிருந்தாள், கையில் கீரை, கீரையிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டியது, அதை அவள் கவனிக்கவில்லை, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி அவளுடையதும்தான், எத்தனை கிழமையாக அவள் திருப்பிக் கேளாமல் வைத்திருந்த கேள்வி. மங்களத்துக்கு முன்னால். புங்குடுதீவுப் பிள்ளைக்கு முன்னால். ரூபன் முழங்காலூன்றித் துடைத்த அந்தக் காகிதத் துவாய்க்கு முன்னால். மேசையில் அவருடைய வலதுகையின் சின்னவிரல் தன்பாட்டில் மெல்ல எழும்பி நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்தார். "ஐயா? அந்த வேலை உங்கடை உடம்புக்கு ஏதும் கஷ்டமாய் இருந்ததோ?" பிள்ளை அதைக் கேட்கச் சொல்லப்பட்டுக் கேட்டாளா, தானாகக் கேட்டாளா தெரியவில்லை, குரல் தணிந்திருந்தது. ஓம் என்றால் போதும். ஓம் என்றால் அடுத்தது என்ன கஷ்டம் என்று கேட்பாள். அதற்கு அடுத்தது ஆரிட்டைச் சொன்னனீங்கள் என்று கேட்பாள். அவர் சின்னவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கினார்.

"வேலை பிடிக்கேல்லை" என்றார்.

"அப்பிடியே சொல்லவோ, ஐயா?"

அவர் மங்களத்தைப் பார்த்தார். "அப்பிடியே சொல்லுங்கோ, பிள்ளை."

ஆங்கிலத்தில் அது இன்னும் சின்னதாக இருந்தது. பிறகு அந்தப் பக்கம் விசைகள் தட்டுப்படும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. முடிவு கடிதத்தில் வருமாம், வேறு சொல்ல ஏதும் இருக்கா என்று கேட்கிறார்களாம். இல்லை என்றார். நன்றி என்றார். பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல ஒரு மூச்சுக் கேட்டது, பிறகு லைன் அறுந்தது. "பிடிக்காத வேலையெண்டு எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே" என்றாள் மங்களம். "அதுக்குப்போய் என்னைச் சால்வையைக் கட்டிப் படுக்கவைச்சியள்." கோபம் இல்லை, சிரித்தாள். நிலத்தில் சிந்தியிருந்த தண்ணீரை இப்போதுதான் கண்டு, காலால் துணியை இழுத்துத் துடைத்தாள். "ரூபனுக்கு அடிச்சு எனக்குச் சுகமெண்டு சொல்லிவிடட்டே? பெடியன் இடத்தை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டெல்லே இருக்கிறான்." "பின்னேரம் சொல்லுவம்" என்றார். பைப்படிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், விரலிடுக்கெல்லாம். திரும்பி வந்து கதிரையில் இருந்தார், காலையிலிருந்து முதல்தரம். கிண்ணத்தின் மேலிருந்த தட்டை எடுத்தார். தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. "சூடாக்கித் தாறன், வையுங்கோ" என்றாள் அவள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஆடையோடு, குளிரோடு, அடிமட்டும் ஒரே மூச்சில் குடித்தார்.